கல்லிலா, மணலிலா

வண்ண மீன் விற்கும் மீன்கடைக்காரர் சமையலறை மேசைமேல் வைத்த பிளாஸ்டிக் பைக்குள், உப்புத் தண்ணீரில், கைப்பிடி அளவுக்கு ஏதோ ஒன்று கிடந்தது. பழுப்பும் சாம்பலுமாகச் சுருங்கி, யாரோ பாதி மென்று துப்பியதைப் போல இருந்தது.

"பவளம்தாம்மா," என்றார் அவர். "ஒரு வீட்டுல மீன் தொட்டியக் கலைச்சாங்க. எல்லாத்தையும் மொத்தமா அள்ளிட்டு வந்தேன். எது என்னன்னு அந்த வீட்டுக்காரருக்கே தெரியல. இது மூளைப் பவளம்னு சொல்வாங்களே, அந்தக் குடும்பத்துல ஏதோ ஒண்ணு. அதுல கல்லு மேல உக்கார்ற ரகமும் இருக்கு, மணல்ல உக்கார்ற ரகமும் இருக்கு. இவ்வளவு சுருங்கிக் கெடக்கறப்ப எனக்கே பிடிபடல. சாருக்குக் காட்டுங்க, பார்த்தவுடனே சொல்லிடுவார். அவர் வீட்டுக்கு வந்துட்டார்னு கேள்விப்பட்டேன். என் அன்பளிப்புன்னு சொல்லுங்க."

சாருக்குப் பார்த்தவுடனே தெரியும்தான். சொல்வதுதான் இப்போது சாரால் ஆகாத காரியம். அது மீன்கடைக்காரருக்குத் தெரியவில்லை, அவளும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை அந்தத் தெருவில் டெய்லரம்மா என்றால்தான் தெரியும். புதுத் துணி தைப்பவள் அல்ல. சலவைக் கடையின் பின்பக்கத்தில், ஒரு ஜன்னலுக்கும் ஒரு மெஷினுக்கும் மட்டுமே இடமிருந்த அறையில் உட்கார்ந்து, பிறர் தைத்ததைப் பிரித்து ஆளுக்கு ஏற்றபடி ஆல்ட்டர் செய்து கொடுப்பவள். இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலைத் தெரியாமல் தைப்பது. கல்யாணம் நாற்பதைத் தாண்டித்தான் ஆயிற்று. அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டாள்; அம்மா போன பிறகு, "எனக்கென்ன குறைச்சல்" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிப் பழகிவிட்டாள்.

அப்படி இருக்கையில்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் யூனிஃபார்ம் பேண்ட் ஒன்றோடு வந்தார். இடுப்பு தொளதொளவென்று இருக்கிறது, பிடிக்க வேண்டும். பிடித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அதே பேண்ட். இறுக்குகிறது, கொஞ்சம் விட வேண்டும். விட்டுக் கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் மறுபடி பிடிக்க வேண்டும் என்று வந்து நின்றார். அவள் பேண்ட்டை உள்பக்கம் புரட்டி, பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிவதைக் காட்டினாள்.

"சார், இது இனிமே ஊசி தாங்காது. வேற ஏதாவது சாக்கு இருந்தா கொண்டு வாங்க."

அவர் காது மடல்வரை சிவந்துபோனார். "இருந்த சாக்கெல்லாம் இதோட தீந்துபோச்சுங்க," என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் சம்மதித்தேன் என்று அவள் பிறகு நாத்தனாரிடம் சொன்னாள். மாடி வீட்டில் குடியிருந்த அவருடைய அக்காதான் நாத்தனார். வாய் கொஞ்சம் நீளம். மனசு அந்த அளவுக்கு நீளமில்லாவிட்டாலும் மோசமில்லை. "என் தம்பிக்கு ஒரு பேண்ட் செலவுல கல்யாணம் முடிஞ்சுது," என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணமாகி வந்த வீட்டில், ஹாலின் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே கடலே ஒரு துண்டு வெட்டி வைத்தாற்போல் பாறைகள், மணல், காற்றில்லாமலே ஆடும் பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், ஓட்டுக்குள் ஒளிந்து திரியும் சின்ன நண்டுகள். பகலெல்லாம் அவர் உயரத்தில் தொங்கும் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவர்; பேச ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அவிழ்த்துவிடுவார். எந்தப் பவளம் எந்தப் பவளத்தைக் கொட்டும், எதற்கு வெளிச்சம் ஆகும், எதற்கு ஆகாது, எது இன்றைக்கு முகம் சுளித்தது. அவள் கிழிசல் தைத்துக்கொண்டே "ம்" போடுவாள். பவளம் மலர்ந்ததா இல்லையா என்பதைவிட, அவர் குரல் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. கேட்டதில் முக்கால்வாசி காதோடு போயிற்று. நினைவில் நின்றது ஒன்றுதான்: சோப்புப் போட்ட கையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. அது அவள் ஒருமுறை விட்டு, அவர் பதறியதால் நின்றது.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்ப ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது அவர் வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்: "அதான்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். வலித்தாலும் அதான். யாரோ ஒருவர் ஜன்னலைச் சாத்தினால், சாத்தாதே என்பதற்கும் அதான். டாக்டர் விளக்கிச் சொன்னார்: மற்றவர் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது, சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. தலையாட்டுவதையும் நம்பிவிடாதீர்கள், ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரி ஆடும் காலம் இது என்றார்.

நாத்தனாருக்கு அது வினோதமாக இருந்தது. "ஊர்ல இருக்கற சொல்லையெல்லாம் விட்டுட்டு இதைப் பிடிச்சு வச்சிருக்கான் பாரு. எதைச் சொன்னாலும் ஒத்துக்கற மாதிரியே இருக்கு. இவ்வளவு பணிவா என் தம்பி பொறந்ததுலேர்ந்து இருந்ததில்ல." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, சக்கர நாற்காலி ஹாலுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்த்தது தொட்டியைத்தான். அவர் முகத்தில் எதுவோ தளர்ந்தது. அதைப் பார்த்த பிறகு தொட்டியை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் நாத்தனார்தான் மேலிருந்து இறங்கி வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மீனுக்குத் தீனி போட்டிருந்தாள். இனி உப்புக் கரைப்பதும், தண்ணீர் மாற்றுவதும், கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவதும், நுரை எடுக்கும் கருவியின் நாறும் கிண்ணத்தைக் கழுவுவதும் டெய்லரம்மா பாடாயிற்று. அவர் பல வருஷம் சொன்னதையெல்லாம் இப்போது செல்போனில் யார் யாரோ சொல்லிக் கேட்டாள். அப்போதே ஒழுங்காகக் கேட்டிருந்தால் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் மீன்கடைக்காரரின் பை வந்து சேர்ந்தது.

பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றினாள். பிறகு அந்தப் பவளத்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, ஹாலிலேயே போட்டிருந்த கட்டிலில் சாய்ந்திருந்த அவர் முன்னால் நீட்டினாள்.

"ஏங்க, இது என்னன்னு தெரியுதா? மீன்கடைக்காரர் உங்களுக்குன்னு குடுத்தார். கல்லு மேல வைக்கறதா, மணல்ல வைக்கறதா?"

அவர் கண் விரிந்தது. "அதான்," என்றார். "அதான், அதான்."

"கல்லு மேலயா?"

"அதான்."

"மணல்லயா?"

"அதான்."

அவள் பெருமூச்சு விட்டாள். செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மேலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. மடிப்பு மடிப்பாக, வளைந்து வளைந்து ஓடும் பள்ளம். கடைசியில் ஒரு படம் அச்சாக இதுபோலவே இருந்தது. பாறைமேல் உட்கார்ந்திருந்தது. கையிலிருந்ததன் அடியில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு காம்பு துருத்திக்கொண்டிருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. எங்கோ பாறையிலிருந்து பெயர்த்தபோது உடைந்த மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். ஆகவே கல் ரகம்தான். தண்ணீருக்குள் ஒட்டும் பசையைப் பிசைந்து, காம்பு முழுதும் மறையும்படி அப்பி, விளக்குக்குக் கீழே நன்றாக வெளிச்சம் படும் உயரமான பாறையில் பதித்தாள். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டதுபோல் அம்சமாகப் பொருந்தியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் கட்டிலில் நெளிந்தார். "அதான்! அதான்!"

"பிடிச்சிருக்கா? சரி, சரி. கொஞ்சம் தூங்குங்க."

மறுநாள் முதல் அவர் இடது கை ஒரு காரியம் செய்யத் தொடங்கியது. ஆட்காட்டி விரலைக் கீழே நீட்டி, காற்றில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுவார். தொட்டியைப் பார்ப்பார், சுற்றுவார். அவளைப் பார்ப்பார், சுற்றுவார். அவள் யோசித்து யோசித்து, ஒரு சமயம் பட்டென்று புரிந்தாற்போல் இருந்தது. தண்ணீரைச் சுழல விடச் சொல்கிறார். தொட்டிக்குள் அலை கிளப்பும் மோட்டார் ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் கூட்டினாள். அவர் இன்னும் வேகமாகச் சுற்றினார். இன்னும் கூட்டினாள். கோமாளி மீன்கள் எதிர்க்காற்றில் குடை பிடித்தவர்களைப்போல் திணறின.

சந்தேகத்துக்கு மீன்கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள். "சார் ஏத்தச் சொல்றாருன்னா ஏத்துங்கம்மா. அவருக்குத் தெரியாததா," என்றார் அவர்.

பவளம் மலரவில்லை. இருந்ததைவிடச் சுருங்கியது. ஒரு பக்கத்தில் சதை விலகி, உள்ளிருந்த எலும்பின் விளிம்பு வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. விரல் சுற்றுவது நிற்கவில்லை. அவள் குனிந்து மோட்டார் பக்கம் போனாலே அவர் கையை முஷ்டியாக இறுக்கி உயர்த்துவார்.

அந்த முஷ்டிதான் அவளைத் தின்றது. அது புதிதல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இருந்தது. மசித்த சாப்பாட்டை ஊட்டும்போது, நான்கு வாய் வாங்கிய பிறகு முஷ்டியை உயர்த்துவார். சட்டை மாற்றும்போது உயர்த்துவார். உடம்பு சரியில்லாதவருக்குக் கோபம் வருவது சகஜம் என்று நாத்தனார் தேற்றினாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாத மனிதர், இப்போது அடிப்பவர்போல் கையை ஓங்குகிறாரே என்று அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருவாள்.

ஒரு மதியம் பொறுமை விட்டுப்போயிற்று. சலவைக் கடை முதலாளி வேலைக்கு எப்போது திரும்புவாய் என்று கேட்டு அனுப்பியிருந்தார். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பவளத்தின் வெள்ளை விளிம்பு இன்னும் அகலமாகியிருந்தது. அவர் முஷ்டியை உயர்த்தினார்.

"என்னதாங்க பண்ணச் சொல்றீங்க? சுத்துன்னீங்க, சுத்த விட்டேன். இப்ப என்னை அடிக்கணுமா? அடிங்க, வந்து அடிங்க. எனக்குத் தெரியலங்க. நீங்க பேசினப்ப நான் கேக்கல, தப்புத்தான். அதுக்கு இப்படியா?"

அவர் கை மெதுவாக இறங்கியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அதான்," என்றார், மூச்சு விடுவதுபோல.

நாத்தனார் மாடிப்படியிலேயே நின்று கேட்டிருந்தாள். அன்று அவள் வாய் நீளவில்லை. "தொட்டியக் குடுத்துடும்மா," என்றாள். "அவனும் நோகறான், நீயும் நோகற. எடுத்துக்க ஆள் இருக்காங்க. நான் பேசறேன்." டெய்லரம்மா மறுக்கவில்லை. சரியென்றும் சொல்லவில்லை. நாத்தனார் அதைச் சரியென்று எடுத்துக்கொண்டு போனாள்.

தொட்டியைப் பார்க்க ஆள் வருவதற்கு முன், சிக்னல் வந்தார்.

சிக்னல் என்பது துறைமுக யார்டில் அவருக்கு விழுந்த பெயர். கிரேனுக்குக் கீழே தரையில் நின்று, மேலே கூண்டில் இருப்பவருக்குக் கையசைத்து வழி காட்டும் வேலை. இரும்புக் கயிற்றில் தொங்கும் சுமை எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கூண்டுக்காரருக்கு மேலிருந்து தெரியாது. சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. கீழே இருப்பவரின் கைதான் கண்ணும் காதும். இந்த இரண்டு பேரும் அப்படிப் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். சிக்னல் வெளியூரில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு, சேதி தெரிந்தும் வர முடியாமல், இப்போதுதான் ஒரு பை பழத்தோடு வந்திருந்தார்.

"அண்ணே," என்று கட்டில் ஓரம் உட்கார்ந்தார். பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தார், மறுபடி பைக்குள் வைத்தார். அவள் டீ போடப் போனாள்.

திரும்பி வந்தபோது சிக்னல் எழுந்து நின்றிருந்தார். கட்டிலில் இருந்தவரின் இடது கை காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றார் சிக்னல், "அண்ணன் எதையோ இறக்கச் சொல்றாரே. எதை?"

"என்ன சொல்றீங்க?"

"இறக்கு. கீழ இறக்கு. இது எங்க கைதான அண்ணி." அவர் தன் ஆட்காட்டி விரலைக் கீழே நீட்டி வட்டமாகச் சுற்றிக் காட்டினார். "விரல் கீழ பார்த்துச் சுத்தினா இறக்கு. மேல பார்த்துச் சுத்தினா தூக்கு. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் இப்படிக் கிள்ளுற மாதிரி சேந்து பிரிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா. நாள் பூரா இதத்தான நான் பண்ணுவேன், அண்ணன் பார்ப்பாரு. என்ன, என் வலது கையில பார்த்தத இடது கையில பண்றாரு."

டீ தம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"இதுக்கு?" என்று கையை முஷ்டியாக்கி உயர்த்தினாள்.

"நிறுத்து," என்றார் சிக்னல். "போதும், அப்படியே நிறுத்துன்னு அர்த்தம்."

நான்கு வாய் சாப்பாட்டுக்குப் பிறகு போதும். சட்டைக் கை மாட்டிக்கொண்டு தோள் வலிக்கும்போது நிறுத்து. மோட்டார் பக்கம் போனால் நிறுத்து. ஒவ்வொன்றாக அவளுக்கு வந்து விழுந்தது. கட்டில் பக்கம் போய், தரையில் உட்கார்ந்து, அவருடைய அந்த முஷ்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பேசிட்டேதான் இருந்தீங்களா?" என்றாள். "இத்தனை நாளும் பேசிட்டேதான் இருந்தீங்களா?"

"அதான்," என்றார் அவர். இந்த முறை அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்தது. அவர் சிரித்தார், ஒரு பக்க வாய் மட்டும் ஏறிய சிரிப்பு. சிக்னல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தெருவில் என்ன நடக்கிறது என்று வெகு அக்கறையாகப் பார்த்தார்.

பிறகு வேலை நடந்தது. முதலில் அலை மோட்டாரை நிறுத்தினாள். மீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வளையலைக் கழற்றி, கையைத் தோள்வரை வெறும் தண்ணீரில் கழுவி, தொட்டியின் பக்கவாட்டில் ஸ்டூல் மேல் ஏறி, சதையைத் தொடாமல் பவளத்தின் அடியைப் பிடித்துப் பசையோடு பாறையிலிருந்து நெம்பி எடுத்தாள். தொட்டித் தண்ணீர் நிறைந்த கிண்ணத்துக்குள் வைத்து, பசையைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்தாள். கிண்ணத்தை அவர் மடியில் வைத்தாள்.

அவர் இடது கை கிண்ணத்துக்குள் போயிற்று. பவளத்தைத் தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்துப் பிடித்து, அடியை அவளுக்குக் காட்டினார். அவள் உடைந்த காம்பு என்று நினைத்தது. அவர் கட்டை விரல் அதன் ஓரமாக ஒருமுறை ஓடியது.

அப்போதுதான் அவள் அதைத் தன் தொழில் கண்ணால் பார்த்தாள். கிழிந்த துணிக்கு நூல் பிசிறும். ஓரம் அடித்த துணிக்குப் பிசிறாது. இதில் பிசிறே இல்லை. எங்கும் உடையவில்லை. மேலே அகன்று, கீழே போகப் போக ஒடுங்கி, கூம்பாகவே வளர்ந்து முடிந்திருந்தது. கூம்பாக வளர்வது எதற்கு? குத்தி நிற்கத்தான். பாறையில் எதைப் போய்க் குத்துவது?

"மணல்," என்றாள் அவள். "மணல்ல ஊன்றி நிக்கற ரகம். எந்தத் துணி வந்தாலும் முதல்ல உள்பக்கம் புரட்டிப் பார்க்கறவ, இதைப் பார்த்தும் பசையப் போட்டு மூடிட்டேனே."

செல்போனை எடுத்து இந்த முறை அடிப்பக்கப் படங்களாகத் தேடினாள். அதே கூம்பு இருந்தது. திறந்த மூளைப் பவளம் என்று போட்டிருந்தது; மெல்லிய வெளிச்சம் போதும், மெல்லிய அலை போதும், பாறையில் வைத்தால் சதை உரசிக் கிழியும் என்று எழுதியிருந்தது. அவர் முன்னால் நீட்டினாள். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, தெரிந்த விஷயம்தானே என்பதுபோல.

சிக்னல் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிவந்து தொட்டிக்கு நேர் எதிரே நிறுத்தினார். பழக்க தோஷத்தில் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினார். கிரேன்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். சிக்னல் கையைக் கீழே போட்டுக்கொண்டார். "சரி அண்ணே, என் வேலையையும் நீங்களே பாருங்க," என்று ஒதுங்கினார்.

அவள் பவளத்தோடு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையைப் பார்த்தாள். விரல் கீழ்நோக்கிச் சுற்றியது, இறக்கினாள். உள்ளங்கை இடப்பக்கம் தள்ளியது; நகர்ந்தாள். அங்கே ஒரு சுத்தியல் பவளம் தன் கொட்டும் இழைகளை ஆட்டிக்கொண்டு நின்றது. முஷ்டி உயர்ந்தது, நின்றாள். கை வலப்பக்கம் போயிற்று. பாறை நிழல் லேசாக விழும் ஒரு திறந்த மணல் திட்டு. விரலைச் சுற்றினார். அவள் இன்னொரு கையால் மணலில் குழி பறித்தாள். குழிக்குள் ஒரு ஓட்டு நண்டு வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

"இவர் யாருங்க, குறுக்க வந்து உக்கார்றார்?" என்றாள். அவர் தோள் குலுங்கியது. நண்டை எடுத்து அப்பால் வைத்தாள். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் கிள்ளிக் கிள்ளிப் பிரிந்தன. கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கூம்பு மணலுக்குள் போயிற்று. சதை மணலில் புதையாமல் அதன்மேல் படிந்து உட்கார்ந்தது. முஷ்டி உயர்ந்தது.

அந்த முஷ்டியை அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள், தோளிலிருந்து தண்ணீர் சொட்ட.

தொட்டியை எடுக்க வந்த ஆளை நாத்தனாரே வாசலில் மறித்து, "இங்க யார் சொன்னது குடுக்கறோம்னு?" என்று அனுப்பிவைத்தாள். பவளத்தின் சேதியை மீன்கடைக்காரருக்கும் சொன்னார்கள். "கூம்பா இருந்துச்சா? நீங்க சொல்லவே இல்லையேம்மா," என்றார் அவர். "நீங்க கேக்கவே இல்லையே," என்றாள் டெய்லரம்மா.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. கதைகளில்போல் உடனே மலர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வாரத்துக்குமேல் ஆகி, ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டே ஹாலுக்கு வந்தவள் பிரஷ்ஷோடு நின்றுவிட்டாள். சாம்பல் துணுக்கு இருந்த இடத்தில், நனைத்த பட்டுத் தலையணைபோல், ஓரமெல்லாம் சிவப்பும் நடுப்பள்ளத்தில் பச்சையுமாக, மடிப்பு விட்டு உப்பியிருந்தது. வெள்ளையாகப் போன விளிம்பு மட்டும் மூடவில்லை. அது பிறகும் முழுதாக மூடவில்லை. ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் எலும்பு தெரியத்தான் செய்தது. அதோடேயே அது வளர்ந்தது.

மாலையில் விளக்கு மங்கும் நேரத்தில் அதன் சதை ஓரங்களிலிருந்து கண்ணாடி போன்ற சின்ன விரல்கள் எட்டிப் பார்க்கும். இறால் துணுக்கு ஒன்றை நீண்ட இடுக்கியால் அவள் வைப்பாள். பள்ளத்துக்குள் எங்கிருந்தோ ஒரு வாய் திறந்து, அவசரமே இல்லாமல் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது நாத்தனார், "ஐயோ, இதுக்கு வாய் இருக்கா," என்று பின்வாங்கினாள். அதற்குப் பிறகு தினமும் அந்த நேரத்துக்குச் சரியாக இறங்கி வந்தாள், வேறு ஏதோ வேலையாக வந்ததுபோல.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் கைச் சைகைகளைச் சொன்னபோது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு பயிற்சி அந்தச் சைகைகளிலிருந்தே தொடங்கியது: கையால் 'நிறுத்து', கூடவே வாயால். வாய் பின்தங்கியே வந்தது. சில மாதங்களில் 'போ'வும் 'வா'வும் வந்தன, சில நாள் வந்து சில நாள் வராமல். டெய்லரம்மா காலை நேரம் மட்டும் வேலைக்குத் திரும்பினாள். அந்த நேரம் நாத்தனார் கீழே வந்து தம்பியோடு உட்கார்ந்து, இரண்டு பேர் பங்குக்கும் தானே பேசினாள்.

அப்புறம் ஒரு நாள், கடையிலிருந்து திரும்பும் வழியில், டெய்லரம்மா மீன்கடைக்குள் நுழைந்து தானாகவே ஒரு பவளம் வாங்கி வந்தாள். சின்னச் சின்னப் பச்சைப் பூக்கள் கொத்தாக இருப்பது. என்ன ரகம், எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு வாரமாகப் படித்து வைத்திருந்தாள். வலது மூலையில், கீழ்ப்பாறை மேல் என்பது அவள் முடிவு. கையைத் தண்ணீருக்குள் விட்டதும் கண்ணாடிக்கு அப்பால் முஷ்டி உயர்ந்தது. விரல் மேல்நோக்கிச் சுற்றியது. தூக்கு, இன்னும் தூக்கு.

"இல்லங்க," என்றாள் அவள். "மேல வச்சா வெளிச்சம் ஜாஸ்தி. அங்க இருக்கற பச்சைப்பாசியும் ஏறிடும்."

கை மறுபடி முஷ்டியாகி நின்றது.

"நீங்க சொன்னது நல்லாப் புரிஞ்சுது. நான் ஒத்துக்கல. அவ்வளவுதான்."

அவர் முஷ்டியைப் பிரித்து, உள்ளங்கையை நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டார். அவள் தான் நினைத்த இடத்தில், தான் நினைத்தபடி அதை வைத்தாள்.

அந்தப் பச்சைப் பூக்கள் அங்கே நன்றாகத்தான் இருக்கின்றன. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் காலையில் இவள் டீ போடும்போது, இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தி, கோணல் மாணலாக வலது மூலைக்குப் போய் நின்றுகொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.